முக்காட்டுக்காரர்கள் துட்டிக்கு வந்தது

சிப்பித்துறையில் புயல் பதினேழு ஆண்களைக் கொண்டுபோன நாற்பத்தோராம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, வியாகுல மாதா கோயிலில் உச்சி மணி அடிக்கப் போன உபதேசியார் கஸ்பார், கயிற்றைப் பிடித்தபடியே இடது பக்கம் திரும்பிப் பார்த்தபோது, தொன் துவார்த்தேயின் கல்லறையைச் சுற்றி நானூற்று எழுபது வருஷமாக நின்று அழுதுகொண்டிருந்த முக்காட்டுக்காரர்களில் ஆறு பேர்தான் மிச்சம் இருந்தார்கள். கஸ்பார் கயிற்றை விடவில்லை. மணியைப் பாதியில் நிறுத்தினால் ஊர் பதறிவிடும், ஏற்கெனவே பதறிய ஊர் அது என்று நினைத்து, பன்னிரண்டு அடியும் அடித்து முடித்துவிட்டுத்தான் கல்லறைக்குப் பக்கத்தில் போய் நின்றார். காலியாக இருந்த மாடங்களில் தூசிகூட இல்லை. துடைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது.

அந்தக் கல்லறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொன் துவார்த்தே முத்துக் குளிப்பை மேற்பார்க்கக் கடல் கடந்து வந்த படைத்தலைவன், கப்பித்தான் என்பார்கள். அவனுடைய நாட்டில் பெரிய குடும்பத்தார் செத்தால், கறுப்பு அங்கியும் முக்காடும் போட்ட ஆட்கள் பாடைக்குப் பின்னால் அழுதுகொண்டே நடப்பார்களாம். அந்த அழுகை அடக்கத்தோடு நின்றுவிடக் கூடாது, உலகம் உள்ளளவும் நடக்க வேண்டும் என்று, அப்படி நடந்தவர்களையே கல்லில் செதுக்கிக் கல்லறையைச் சுற்றி நிறுத்திவிடுவார்களாம். அவன் பாட்டனுக்கு அப்படி ஒன்று இருந்தது. தனக்கும் வேண்டும் என்று உயிரோடு இருக்கும்போதே சொல்லி அனுப்பிக் கப்பலில் வரவழைத்துவிட்டான். மேலே அவன் கவசத்தோடு கைகூப்பிப் படுத்திருக்கிறான், காலடியில் ஒரு நாய். கீழே இருபத்து நான்கு மாடங்களில் முழ உயரத்துக்கு இருபத்து நான்கு பேர், ஒருவரைப் போல ஒருவர் இல்லை. ஒருவர் ஜெபமாலை உருட்டுகிறார், ஒருவர் அங்கி நுனியால் மூக்கைத் துடைக்கிறார், ஒருவருக்கு முக்காடு நெஞ்சுவரை இறங்கி முகமே கிடையாது. அது அலபாஸ்டர் என்று தொல்லியல் துறை பலகையில் எழுதியிருக்கிறது. பின்னால் மெழுகுவர்த்தியைப் பிடித்தால் வெளிச்சம் கசிந்து முன்னால் வரும், அதனால் ஊரில் அதற்கு மெழுகுக்கல் என்று பேர். காலில் கல்லைக் கட்டிச் சிப்பித்துறை ஆண்களை ஆழத்தில் இறக்கியவன் அந்தக் கப்பித்தான். காது வெடித்துச் செத்தவர்களும் சுறா இழுத்துப்போனவர்களும் எத்தனை பேர் என்று எந்தக் கல்லிலும் யாரும் வெட்டி வைக்கவில்லை. செத்த பிறகும் தனக்கு அழ ஆள் குறையக் கூடாது என்று மட்டும் ஏற்பாடு செய்துகொண்டான்.

இப்போது புயல். இரண்டு விசைப்படகுகள் புதன்கிழமை காலையில் கடலுக்குப் போயின. புயல் எச்சரிக்கை வியாழக்கிழமை பொழுது சாயும்போது வந்தது. மூன்று நாள் தேடினார்கள். அதற்கு மேல் ஹெலிகாப்டர் போகாது, போனால் திரும்ப எரிபொருள் இருக்காது என்றார்கள். பிறகு ஒரு பட்டியல் ஒட்டினார்கள், அதன் தலைப்பு "காணாமல் போனவர்கள்". உடல் கிடைக்காவிட்டால் ஏழு வருஷம் கழித்துத்தான் இறந்ததாக எழுத முடியும் என்று ஊர்க்கூட்டத்தில் சொன்ன அதிகாரி, பெண்களைத் தேற்றுவதாக நினைத்து, "வேற எங்கயாவது கரையேறி வேலை பாத்துக்கிட்டுக்கூட இருக்கலாம்மா, நல்லதையே நினைப்போம்" என்றார்.

முன்வரிசையில் இருந்த ரெஜினா எழுந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் குஜராத்தில் ஒரு இறால் கம்பெனியில் தோல் உரித்தவள், முப்பத்தைந்து வயது. அவள் புருஷன் சந்தியாகு போனது ஒரு படகில், சந்தியாகுவின் அண்ணன் போனது மற்றதில்.

"எங்க வீட்டுக்காரரு ஒரு டீ குடிக்கப் போனாலும் சொல்லிட்டுத்தான் போவாரு, சார். அவரு சொல்லாம கொள்ளாம இன்னொரு கரையில வேலை பாக்காருன்னு நீங்க சொல்லுதீங்க. ஒங்க வீட்டுல இப்படி யாரும் சொன்னா நீங்க உக்காந்து கேப்பீங்களா?"

அதிகாரி அடுத்த ஊர்க் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று புறப்பட்டார்.

சாவு என்று எழுதாததால் சிப்பித்துறையில் துட்டி விழவில்லை, எந்த வீடும் சாவு வீடாகவில்லை. சொந்தக்காரர்கள் துட்டி கேட்க வருவதா வேண்டாமா என்று தெரியாமல், பஸ் ஏறி வந்து, பஸ் நிறுத்தத்திலேயே கொஞ்ச நேரம் நின்று, அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார்கள். பங்குச் சாமி பூசைக்கருத்து எழுதும் நோட்டில் ஆத்தும இளைப்பாற்றிக்காக என்று எழுதுவதா, நலமோடு திரும்பி வர என்று எழுதுவதா என்று தெரியாமல் பதினேழு வரியைக் காலியாக விட்டார். துக்கமணி அடிக்கவில்லை. அழுத பெண்ணை, இருக்கிற ஆளுக்கு அபசகுனம் என்று அடக்கினார்கள். அழாத பெண்ணைப் பார்த்து, இவளுக்கு நெஞ்சு கல் என்றார்கள். நாற்பது நாள் இப்படிப் போனது. நாற்பத்தோராம் நாள் உண்மையான கல் எழுந்து வந்தது.

ரெஜினா குழாயடியிலிருந்து இரண்டு குடம் தண்ணீரோடு வந்தபோது, முற்றத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த மீன்கூடைமேல், அங்கி நுனியால் மூக்கைத் துடைத்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்புக்குப் போகும்போதெல்லாம் மூக்குச்சிந்தி என்று அவள் சிரித்த அதே ஆள். ரெஜினா குடங்களை இறக்கிவைத்தாள். வாங்க என்று சொல்லவில்லை, துட்டி வீட்டில் யாரும் யாரையும் வாங்க என்று சொல்வதில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முக்காட்டுக்குள்ளிருந்து சொட்டுச் சொட்டாக அவள் புறங்கையில் விழுந்தது. நக்கிப் பார்த்தாள், உப்பு. அப்போது அவளுக்கு அழுகை வந்தது, பொழுது இறங்கும்வரை அழுதாள்.

பதினேழு வீட்டிலும் அன்றைக்கு அப்படித்தான். இது எப்படி நடந்தது என்று சிப்பித்துறையில் யாரும் கேட்கவில்லை, ஏன் இவ்வளவு நாள் ஆயிற்று என்றுதான் கேட்டார்கள். மறுநாள் காலையில் வீட்டுக்கு வீடு பந்தல் போட்டார்கள், பிளாஸ்டிக் நாற்காலி வந்தது, அடுப்பு எரியாத வீடுகளுக்கு அக்கம்பக்கத்தார் சோறு கொண்டுவந்தார்கள். கப்பித்தான் வீட்டிலிருந்தே துட்டிக்கு ஆள் வந்தாச்சு, நாம போகாட்டா நல்லாயிருக்காது என்று மற்ற துறைகளிலிருந்து சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்து இறங்கினார்கள். வந்தவர்கள் முதலில் அந்த வீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்தார்கள், பிறகு குனிந்து முக்காட்டுக்காரரின் கையையும் பிடித்தார்கள், போகும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். சொட்டும் கண்ணீருக்கு எவர்சில்வர் கிண்ணம் வைத்தார்கள், நிறைந்ததும் கடலில் கொண்டுபோய் ஊற்றினார்கள். கையில் போனோடு படம் எடுக்க வந்த வெளியூர்க்காரர்களைப் பெண்கள் செருப்போடு விரட்டினார்கள். பங்குச் சாமி நோட்டை எடுத்துக் காலி வரிகளை நிரப்பினார். கஸ்பார் பதினேழு முறை துக்கமணி அடித்தார்.

அந்த மணி ஓய்வதற்குள் ஹெலிகாப்டர் வந்தது.

நடந்தது இதுதான். சிலைகளைக் காணோம் என்று கஸ்பார் செவ்வாய்க்கிழமை பகலிலேயே போலீஸில் எழுதிக் கொடுத்திருந்தார். அன்று சாயங்காலமே திரும்பப் போய், "காணாமப் போகல, வீடுகள்ல இருக்கு" என்று சொன்னார். புகார் மேலே போய்விட்டது, இனிமேல் மாற்ற முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். மேலே போனது இன்னும் மேலே போய், கப்பித்தானின் நாட்டுத் தூதரகம் கவலை தெரிவித்துக் கடிதம் எழுத, கடத்தல்காரர்கள் கடல் வழியாகக் கொண்டுபோயிருப்பார்கள் என்று முடிவுகட்டி, ஒரு ஹெலிகாப்டரும் இரண்டு கப்பலும் ஐந்து நாள் தேடின. பகல் முழுவதும் அது ஊருக்கு மேலே பறந்து, கண்ணுக்கு மறையும்வரை ஆழக்கடலுக்குள் போய்த் திரும்பி வந்தது. பெண்கள் கரையில் வரிசையாக நின்று பார்த்தார்கள். கல் மிதக்காது என்பதுகூடத் தெரியாதவர்கள் தண்ணீரைத் தடவித் தடவித் தேடினார்கள். யாராவது ஒருவர் இறங்கி வந்து ஊருக்குள் ஒரு பெண்ணிடம் கேட்டிருந்தால் முற்றத்தைக் காட்டியிருப்பாள். யாரும் கேட்கவில்லை.

"அன்னைக்கு இதுக்கு எண்ணெய் இல்லைன்னுதான சொன்னானுவ" என்றாள் பிலோமினா. சந்தியாகுவின் அண்ணன் பெண்டாட்டி, ரெஜினாவுக்கு அக்கா முறை.

 

ஆறாம் நாள் காலையில் கஸ்பார் ரெஜினா முற்றத்துக்கு வந்து நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

"இருபத்து நாலுல ஆறு கோயில்ல நிக்கி. அப்ப எத்தன எறங்கிப் போச்சு?"

"பதினெட்டு, மாமா."

"துட்டி வீடு எத்தன?"

ரெஜினா எழுந்து நின்றாள். ஒரு படகுக்கு ஒன்பது பேர், இரண்டு படகுக்குப் பதினெட்டுப் பேர். சின்னப்பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஊர் முழுக்க நாற்பத்தேழு நாளாகப் பதினேழு பதினேழு என்று கத்தியிருந்தது.

பதினெட்டாவது முக்காட்டுக்காரரை ஐஸ் பிளாண்டுக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட கொட்டகையில் கண்டார்கள். சுருட்டி வைத்த பாய், ஒரு பிளாஸ்டிக் வாளி, கயிற்றில் காய்ந்து விறைத்த சட்டை, சுவரில் பெரிய வட்டக் கண்களோடு கறுப்பாக ஒரு சாமி படம். பாய்க்குப் பக்கத்தில், முகமே செதுக்காத அந்த முக்காட்டுக்காரர் ஆறு நாளாகத் தனியாக அழுதுகொண்டிருந்தார். கிண்ணம் வைக்க ஆளில்லாமல் கண்ணீர் தரையில் ஓடி, உப்புப் பூத்து, வாசல்வரை வெள்ளையாக ஒரு கோடு கிடந்தது.

அங்கே ஒடிசாக்காரர் ஒருவர் தங்கியிருந்தார். ஐஸ் உடைப்பார், ஆள் குறைந்தால் படகிலும் ஏறுவார். ஊரில் எல்லோரும் அவரை, அண்ணன் என்பதற்கான இந்தி வார்த்தையால், பையா என்று கூப்பிட்டார்கள்.

கூடிவிட்ட கூட்டத்திலிருந்து ஜெரோம் என்பவன் முன்னால் வந்தான். "அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். என் எடத்துலதான் அவரு ஏறுனாரு. சொல்லணும்னுதான் இருந்தேன். சொன்னா, நீ மட்டும் எப்படி இருக்கன்னு நம்ம வீட்டுப் பொம்பளைக கேட்டுருவாங்கன்னு பயந்துட்டேன்."

அவனை யாரும் திட்டவில்லை. படகு கிளம்பும்போது கரையில் நின்றவர்கள் நாற்பது பேர் இருக்கும், அவர்கள் எல்லோரும் பார்த்துத்தான் இருந்தார்கள். கலெக்டர் ஆபீஸ் வாசலில் நடந்த போராட்டத்துக்குப் பதினேழு பெயரை ஃப்ளெக்ஸில் அடித்துக் கட்டியபோது அதைப் படித்துப் பார்த்துத்தான் கட்டினார்கள். மைக்கைப் பிடித்து ஒவ்வொரு பேராக வாசித்தவள் ரெஜினா.

"அவருகிட்ட இந்தியில பேசுன ஒரே ஆளு நான்தான்" என்றாள் ரெஜினா. "ஐஸ் வாங்கப் போம்போதெல்லாம் பேசுவேன். குஜராத்துல குளிரு எப்படி, அவரு ஊருல மீனு எப்படி, எல்லாம் பேசியிருக்கோம். பேரு கேக்கல."

அதிகாரியைப் பார்த்து வந்த கோபத்தைவிடப் பெரிய கோபம் அவளுக்குத் தன்மேல் வந்தது, அதை இறக்கி வைக்க இடமில்லாமல் அவள் வேகமாக நடந்து, பையா போனுக்கு ரீசார்ஜ் செய்யும் செய்யது கடைக்குப் போனாள். அவர் ஊருக்குப் பேச ஒருதடவை செய்யதுவின் போனைக் கேட்டு வாங்கியிருந்தார், அந்த நம்பர் போனிலேயே கிடந்தது.

இரண்டாவது மணியில் எடுத்தார்கள். ஒரு பெண், மூச்சு வாங்க, இந்தியில், "நீங்களா?" என்று கேட்டாள்.

"நான் சிப்பித்துறையிலருந்து பேசுறேன். உங்க வீட்டுக்காரர் பேரு என்ன?"

"நிரஞ்சன். நிரஞ்சன் பெஹெரா. நான் சபிதா. அவருக்கு என்ன? புயலுக்குப் பிறகு போனே இல்லை. யாரைக் கேட்கிறது என்று எனக்குத் தெரியவில்லை."

காணோம் என்ற சொல் ரெஜினாவின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பட்டியலில் ஒட்டியிருந்த அதே சொல், அவள் நாற்பத்தேழு நாளாகக் காறித் துப்பிய சொல், எவ்வளவு சுலபமாக வருகிறது என்று பார்த்தாள். அவள் அதை விழுங்கிவிட்டு, "இறந்துட்டாரு, சபிதா. என் வீட்டுக்காரரும்தான். ஒரே புயல்" என்றாள்.

 பிறகு சபிதா கேட்டாள், "அங்கே அவருக்காக யாராவது அழுதார்களா?"

"ஒருத்தர் அழுதுக்கிட்டு இருக்காரு" என்றாள் ரெஜினா. "நாங்க யாரும் அழல. எங்களுக்கு நினைப்பில்ல." அதை அவளால் மறைக்க முடியவில்லை.

அன்றைக்கே கொட்டகை வாசலில் பந்தல் போட்டார்கள். பிலோமினா கிண்ணம் கொண்டுவந்து வைத்தாள். கஸ்பார் பதினெட்டாவது மணியை அடித்தார்.

ஒன்பதாம் நாள் தாசில்தார் வந்தார், தொல்லியல் துறையிலிருந்து இந்திராணி என்ற அதிகாரி வந்தார், வேனில் போலீஸ் வந்தது. சிலைகள் ஊருக்குள்தான் இருக்கின்றன என்று கடலில் ஐந்து நாள் தேடிய பிறகு கண்டுபிடித்திருந்தார்கள். ரெஜினா முற்றத்தில் நான்கு போலீஸ்காரர்கள் சேர்ந்து பிடித்தும் முழ உயரக் கல் அசையவில்லை. கம்பி போட்டு நெம்பினார்கள், கம்பி வளைந்தது.

"துட்டிக்கு வந்தவங்களைத் தூக்கிட்டுப் போற பழக்கம் எங்க ஊருல இல்ல, சார்" என்றாள் ரெஜினா. "துட்டி முடிஞ்சா அவங்களே போவாங்க."

"எப்பம்மா முடியும்?"

"செத்துட்டாங்கன்னு எழுதுங்க. அப்ப முடியும்."

"ஏழு வருஷம்னு சட்டம் இருக்கே. நான் என்ன செய்ய முடியும்?"

இந்திராணி அதற்குள் மகஜர் எழுத உட்கார்ந்திருந்தார். கறுத்து மெலிந்த பெண், வந்ததிலிருந்து முக்காட்டுக்காரரின் தேய்ந்துபோன முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மெழுகுக்கல் தண்ணீரில் கரையும், இன்னும் ஒரு மாதம் அழுதால் இவருக்கு மூக்கே இருக்காது என்று அவருக்குத் தெரியும்.

"சார், இந்தப் பொருள் இந்த இடத்துக்கு எப்படி வந்ததுன்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுத?"

"திருட்டுன்னு எழுதுங்க."

"நாலு பேரால தூக்க முடியாததை இந்தம்மா திருடுனாங்கன்னு எழுதினா என்னைக் கேப்பாங்க. துக்கம் விசாரிக்க வந்ததுன்னு எழுதுறேன், நான் கண்ணால பாக்குறது அதுதான். யாரு இறந்ததுக்குன்னு பேரு போடணும்." அவர் எழுதினார். "சந்தியாகு வாஸ், இறந்தவர். நீங்க கையெழுத்துப் போடணும்."

தாசில்தார் அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போது அவருக்குப் போன் வந்தது. திங்கட்கிழமை தூதரகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், அதற்குள் எப்படியாவது எல்லாச் சிலையும் இடத்தில் இருக்க வேண்டும், என்ன எழுத வேண்டுமோ எழுதிக்கொள்ளுங்கள் என்று மேலேயிருந்து சொன்னார்கள். ஐம்பது நாள் பெண்கள் அழுது கேட்டுக் கிடைக்காத உத்தரவு, கல்லுக்காக அரை நிமிஷத்தில் வந்தது. அதைக் கேட்டுக்கொண்டு நின்ற ரெஜினாவுக்கு நன்றி வரவில்லை.

"சரி, பதினேழையும் எழுதுங்க" என்றார் தாசில்தார். "அந்தக் கொட்டகை வேண்டாம். அவர் இந்த மாவட்டமே இல்லை, போட்டுல ஏறினதுக்கு எந்தப் பதிவும் இல்லை."

"பதினெட்டு" என்றாள் ரெஜினா.

பிலோமினா அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போனாள். "நம்ம காரியம் முடியட்டும், பிள்ள. பெறவு அவருக்குப் பாப்போம். இப்ப விட்டா இவன் மனசு மாறிருவான். என் மக ரெண்டும் ஸ்கூல்ல அப்பா இருக்காரா இல்லையான்னு எழுதத் தெரியாம நிக்குதுவ."

"நம்மளை ஏழு வருஷம் கழிச்சுப் பாப்போம்னுதான அவங்களும் சொன்னாங்க, அக்கா. அதே வார்த்தையை நான் போன்ல எப்படிச் சொல்ல?"

 மற்ற பெண்களும் சுற்றி வந்து நின்றார்கள். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. பதினெட்டையும் எழுதாமல் எழுந்திருப்பதில்லை என்று பிலோமினாதான் முதலில் போய்த் தன் வீட்டு முக்காட்டுக்காரருக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தாள், பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் முற்றத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். ரெஜினா தன் வீட்டில் உட்காரவில்லை, ஐஸ் பிளாண்டுக்குப் பின்னால் போய், அந்தப் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும்வரை அப்படியே இருந்தார்கள். ஞாயிறு மதியம் தாசில்தார் கொட்டகைக்கு வந்து, குனிந்து நுழைந்து, நிரஞ்சன் பெஹெரா, இறந்தவர் என்று எழுதியிருந்த தாளில் கையெழுத்துப் போட்டார். பிறகு மற்ற பதினேழிலும் போட்டார். அதற்குப் பிறகு போலீஸ்காரர்கள் ஒவ்வொரு சிலையையும் ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு போனார்கள். தூதரகத்தார் வந்து, முகங்கள் இப்படித் தேய்ந்துவிட்டனவே என்று மிகவும் வருத்தப்பட்டுவிட்டுப் போனார்கள். செத்தவர்களைப் பற்றி அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை.

புதன்கிழமை, முகம் இல்லாத முக்காட்டுக்காரரின் மாடம் மறுபடி காலியாக இருந்தது. இந்தமுறை கஸ்பார் புகார் கொடுக்கவில்லை. யார் கொடுத்தார்களோ, வெள்ளிக்கிழமை ஹெலிகாப்டர் கடலுக்கு மேலே வந்துவிட்டது. பெண்கள் யாரும் கரைக்குப் போகவில்லை.

அதற்கு அடுத்த வாரம் சபிதா ரெஜினாவைக் கூப்பிட்டாள்.

"எங்கள் வீட்டு வாசலில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்" என்றாள். அவள் குரலில் பயமில்லை, களைப்பு மட்டும் இருந்தது. "முழங்கால் உயரம்தான். அங்கியெல்லாம் சேறு, ரொம்பத் தூரம் நடந்திருக்கிறார். முகம் தெரியவில்லை, அழுகிறார். அவரைப் பார்த்துவிட்டு ஊரில் ஒவ்வொருவராக வர ஆரம்பித்திருக்கிறார்கள். இவர் யார்?"

துட்டி என்பதற்கு இந்தியில் என்ன சொல்வது என்று ரெஜினாவுக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

"எங்க ஊர்க்காரர்தான்" என்றாள். "நாங்க வந்திருக்கணும், சபிதா. அவரு முந்திக்கிட்டாரு. உங்க ஊருக்கு எந்த ஸ்டேஷன்ல எறங்கணும்னு சொல்லுங்க, நாங்க பதினேழு பேரும் வாறோம்."